விகுதிகளின் சந்தை

சொல்லுக்குப் பகுதியும் விகுதியும் உண்டென்பது இலக்கண வகுப்பிலே நாம் முதலிற் பயிலும் பாடங்களுள் ஒன்று. பகுதி பொருளைத் தரும். விகுதியோ அப்பொருள் ஆணா பெண்ணா, ஒன்றா பலவா என்பதைக் காட்டும். "நடந்தான்" என்பதை "நடந்தாள்" என்று மாற்றுவதற்கு ஈற்றெழுத்தைத் தொட்டாற் போதும். நடந்த ஆளே மாறிவிடுகிறார். இணையத்தில் வழங்கும் பெயர்களும் ஏறக்குறைய இவ்வமைப்பையே உடையன.

கணினியிலோ கைத்தொலைபேசியிலோ ஓர் இணைய முகவரியை எழுதும்போது அதன் ஈற்றிலே ஒரு புள்ளி வருகின்றது. புள்ளிக்குப் பின்னே "கொம்" என்றோ "ஓர்க்" என்றோ "எல்.கே." என்றோ சில எழுத்துகள் நிற்கின்றன. நம்மிற் பலர் இந்த வாலைக் கவனிப்பதேயில்லை. கணினியோ முகவரியை வாலிலிருந்தே வாசிக்கத் தொடங்குகின்றது. உலகத்துக் கணினிகள் யாவற்றுக்கும் பொதுவாக "வேர்" எனப்படும் ஏடு ஒன்றுண்டு. "எல்.கே. என்னும் விகுதியின் பதிவேடு எங்கே உள்ளது?" என்று முதலில் வேரிடம் வினா எழும். வேர் அப்பதிவேட்டைச் சுட்டும். பதிவேடு நாம் தேடும் பெயருக்குரிய இடத்தைச் சுட்டும். இவ்வளவும் கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழ்ந்துவிடுகின்றன. வேரிலே எழுதப்படாத விகுதி உலகத்திலே இல்லாத விகுதி. ஆகவே, அந்த ஏட்டில் எழுதும் கை யாருடையது என்ற வினா, கேட்பதற்குச் சிறிதாயினும், பெரியதொரு வினாவேயாம்.

ஆதியிலே அந்தக் கை ஒரே மனிதருடையது என்று சொன்னால் மாணவர்கள் வியப்படைவார்கள். போல் மொக்கபெற்றிஸ் என்னும் அறிஞர் இப்பெயர் முறையை 1983 ஆம் ஆண்டில் வகுத்தார். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வு நிலையமொன்றிலே பணியாற்றிய ஜொன் பொஸ்ரெல் என்பவர், பெயர்களையும் எண்களையும் பதிந்து வைக்கும் பொறுப்பை மேற்கொண்டிருந்தார். வணிகத்துக்கு ஒன்று, கல்விக்கு ஒன்று, அரசாங்கத்துக்கு ஒன்று, படைக்கு ஒன்று, ஏனைய அமைப்புகளுக்கு ஒன்று என விகுதிகள் 1984 இல் வகுக்கப்பட்டன. கொம் என்னும் விகுதியோடு பதிவான முதற் பெயர், சிம்பொலிக்ஸ் என்னும் அமெரிக்கக் கணினி நிறுவனத்துடையது. அது பதியப்பட்ட நாள் 1985 மார்ச் 15.

நாடுகளுக்கு விகுதி வழங்கும் பணியிலே பொஸ்ரெல் காட்டிய விவேகம் குறிப்பிடத்தக்கது. எது நாடு, எது நாடன்று என்று தீர்மானிக்கும் வழக்கிலே அவர் தலையிட விரும்பவில்லை. அனைத்துலகத் தர நிர்ணய நிறுவனம் வைத்திருந்த ஈரெழுத்துப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டார். அப்பட்டியலின்படி இலங்கைக்குக் கிடைத்த எல்.கே. 1990 ஆம் ஆண்டிலே வேரில் ஏறியது. வர்த்தக இணைய சேவை இந்நாட்டுக்கு வருமுன்னரே பெயர் வந்துவிட்டது. பிள்ளை பிறக்குமுன் பெயரிட்ட கதைதான்.

அந்த ஈரெழுத்துப் பட்டியல் சிலருக்குப் புதையலாயிற்று. பசிபிக் சமுத்திரத்திலே பத்தாயிரம் பேரளவில் வாழும் துவாலு என்னும் தீவு நாட்டுக்குக் கிடைத்த எழுத்துகள் ரி.வி. தொலைக்காட்சியின் சுருக்கப் பெயர் இதுவே என்பதை அமெரிக்க வணிகர்கள் கண்டார்கள். பன்னிரண்டு ஆண்டுகளில் ஐந்து கோடி டொலர் தருவதாக ஒப்பந்தமாயிற்று. அப்பணத்தின் ஒரு பகுதியைச் செலவிட்டே துவாலு 2000 ஆம் ஆண்டிலே ஐக்கிய நாடுகள் சபையின் 189 ஆவது உறுப்பு நாடாயிற்று. கரிபியன் கடலிலுள்ள அங்குயிலாவுக்கு ஏ.ஐ. என்னும் எழுத்துகள் வாய்த்தன. செயற்கை நுண்ணறிவு உலகெங்கும் பேச்சாகிய பின்னர், 2023 ஆம் ஆண்டில் மட்டும் அவ்விரண்டு எழுத்துகள் ஏறத்தாழ மூன்று கோடியே இருபது இலட்சம் அமெரிக்க டொலரை ஈட்டின. அது அத்தீவு அரசாங்கத்தின் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்டதாகும். நமக்கு எல்.கே. என்ற எழுத்துகள் வாய்த்தன. யாரைக் குறை கூறுவது?

எல்லாத் தீவுக்கும் இப்பேறு கிட்டவில்லை. நமக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் உள்ளது சாகோஸ் தீவுக்கூட்டம். அதனை உள்ளடக்கிய பிரித்தானிய ஆட்சிப் பிரதேசத்துக்கு ஐ.ஓ. என்னும் விகுதி உண்டு. கணினித் தொழிலார் இதனைப் பெரிதும் விரும்பி வாங்குவர். ஆயின் அத்தீவுகளின் குடிமக்களோ 1968 தொடக்கம் 1973 வரையான காலத்தில் அங்கிருந்து அகற்றப்பட்டவர்கள். அவர்களுடைய மண்ணின் பெயரிலே பதிவு நடந்தது. பணமோ தனியார் கொம்பனிகளின் பேரேட்டிற் போய்ச் சேர்ந்தது. தீவுகளின் இறைமையை மொரீசியசுக்குக் கையளிக்கும் உடன்படிக்கையிலே பிரித்தானியா 2025 மே 22 இல் ஒப்பமிட்டது. நாட்டின் குறியீடு பட்டியலிலிருந்து நீங்கினால் அதன் விகுதியும் சில ஆண்டுகளில் ஓய்வு பெறவேண்டும் என்பது விதி. யூகோசிலாவியாவின் விகுதி 2010 இல் அவ்வாறே அழிக்கப்பட்டது. சோவியத் ஒன்றியத்தின் விகுதியோ, ஒன்றியம் 1991 இல் கலைந்த பின்னரும் பல்லாண்டுகள் உயிரோடிருந்தது. விதி என்பது எல்லோருக்கும் ஒரே வேகத்தில் நடப்பதில்லைப் போலும்.

பொஸ்ரெல் 1998 ஒக்டோபரில் காலமானார். அதற்குச் சில நாள்களுக்கு முன்னர்தான் இப்பணியை ஏற்பதற்கென ஐகான் என்னும் இலாப நோக்கற்ற நிறுவனம் கலிபோர்னியாவிலே தோன்றியிருந்தது. பெயர்களை விற்போர், வணிகர், பொறியியலாளர், சாதாரணப் பாவனையாளர் ஆகிய பல தரப்பினர்க்கும் அங்கே இடமுண்டு. அரசாங்கங்கள் ஆலோசனைக் குழு ஒன்றிலே அமர்ந்து கருத்துரைக்கலாம், கட்டளையிட முடியாது. இவ்வமைப்பு அமெரிக்க வர்த்தகத் திணைக்களத்தின் ஒப்பந்தத்துக்குட்பட்டு நெடுங்காலம் இயங்கியது. அவ்வொப்பந்தம் 2016 செப்டெம்பர் முடிவில் காலாவதியாயிற்று. இன்று வேரேட்டின் மீது எந்த அரசாங்கத்துக்கும் நேரடி அதிகாரமில்லை. எனினும் நிறுவனம் இருப்பது அமெரிக்க மண்ணிலே, பணிவது கலிபோர்னியச் சட்டத்துக்கு என்பதையும் மறத்தலாகாது.

ஐகான் முதலில் மெல்லவே நடந்தது. இன்போ, பிஸ், மியூசியம் முதலிய ஏழு விகுதிகளை 2000 ஆம் ஆண்டிலே தெரிந்தெடுத்தது. அதன் பின் 2011 ஜூன் 20 ஆம் நாள் சிங்கப்பூரிலே கூடிய அதன் பணிப்பாளர் சபை, கதவை அகலத் திறந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் எந்தச் சொல்லையும் விகுதியாகக் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்றது. விண்ணப்பக் கட்டணம் 185,000 அமெரிக்க டொலர். நமது கிராமத்து வாசிகசாலைகள் இதைக் கேட்டு மயங்கி விழாதிருந்தால் நல்லது. அப்படியிருந்தும் 1,930 விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. அக்காலத்தில் நாட்டு விகுதிகள் நீங்கலாக உலகிலிருந்த பொது விகுதிகள் இருபத்திரண்டே! கூகிள் நிறுவனம் 101 விகுதிகளைக் கேட்டது. அமேசன் 76 ஐக் கேட்டது. ஒரே சொல்லைப் பலர் கேட்ட இடத்தில் ஏலம் நடந்தது. "அப்" என்ற சொல்லுக்குக் கூகிள் இரண்டரைக் கோடி டொலர் கொடுத்தது. "வெப்" என்ற சொல் 2016 இல் பதின்மூன்றரைக் கோடிக்குப் போயிற்று. இன்று வேரிலே நாட்டு விகுதிகளுஞ் சேர்ந்து 1,400 க்கு மேற்பட்டவை உள்ளன.

இச்சந்தையால் யாருக்கு நன்மை? கொம் விகுதியிலே நல்ல பெயர்களெல்லாம் எப்போதோ போய்விட்டன. புதியவர்க்கு இடம் வேண்டும் என்றார்கள். அது உண்மையே. ஆனால் பழைய நிறுவனங்கள் தம் பெயரைப் பிறர் கவராதிருக்கும்பொருட்டு ஒவ்வொரு புது விகுதியிலும் அதனைப் பதிய வேண்டியவையாயின. வசைச் சொல்லாக வழங்கும் "சக்ஸ்" என்பது 2015 இல் விகுதியாக வந்தபோது, வணிகக் குறியுடையோர் முந்திப் பதிவதற்கு 2,499 டொலர் கேட்கப்பட்டது. தன் பெயரைத் திட்டும் முகவரியைத் தானே பணம் கொடுத்து வாங்கிப் பூட்டி வைக்கும் வியாபாரம் இதுவேயன்றோ! சொந்தப் பெயரையே விகுதியாகப் பெற்ற மக்டொனால்ட்ஸ் நிறுவனம், பயனில்லையென்று 2017 இல் அதனைக் கைவிட்டது.

வணிகர் பாடு வணிகரோடு போகட்டும். பொதுச் சொத்தான பெயர்களிலே கை வைத்தபோது என்ன நிகழ்ந்தது என்பதே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது.

அமேசன் என்பது ஒரு கடையின் பெயர். அதற்கு முன்னே ஒரு பேராற்றின் பெயர். எட்டு நாடுகளிலே பரந்து கிடக்கும் காட்டின் பெயர். கடை அப்பெயரை விகுதியாகக் கேட்டது. பிரேசிலும் பெருவும் 2012 இலேயே எச்சரித்தன. அரசாங்கங்களின் ஆலோசனைக் குழு 2013 ஜூலையில் தென்னாபிரிக்காவின் டர்பன் நகரிலே கூடி, இவ்விண்ணப்பத்தை ஏற்கலாகாது என்றது. அதற்கு இசைந்து ஐகான் 2014 மே மாதம் விண்ணப்பத்தைத் தள்ளியது. கதை இங்கே முடிந்ததென்று பலரும் நினைத்தார்கள். நிறுவனமோ சுயாதீன மீளாய்வுக் குழுவிடம் வழக்கைக் கொண்டுபோயிற்று. "அரசாங்கங்கள் வேண்டாமென்றன" என்பது மட்டும் போதாது, ஏன் வேண்டாம் என்பதற்குப் பொதுநலக் காரணம் காட்டப்படவேண்டும் என்ற போக்கிலே அக்குழுவின் பெரும்பான்மை 2017 ஜூலையில் முடிவு கூறியது. பின்னர் ஈராண்டுப் பேச்சுவார்த்தை. மின்னூல் வாசிப்புக் கருவிகளையும் கணினிச் சேவைகளையும் தருவதாகக் கடை கூறியது. ஆட்சியிலே பங்கு வேண்டுமென்று நாடுகள் கூறின. இணக்கம் ஏற்படவில்லை. ஐகான் 2019 இல் கடையின் பக்கம் தீர்த்தது. 2020 இல் விகுதி வேரில் ஏறியது.

இத்தீர்ப்பைச் சட்டப்படி பிழையென்று சொல்லிவிட முடியாது. நாடுகளின் பெயர், தலைநகரங்களின் பெயர், மாகாணம், மாவட்டம் போன்ற பிரிவுகளின் பெயர் ஆகியவற்றுக்கு விதிகளிலே காப்பு இருந்தது. ஆற்றுக்கும் மலைக்கும் காப்பு இருக்கவில்லை. நமது நாட்டை வைத்து நோக்கினால் இது தெளிவாகும். யாழ்ப்பாணம் அனைத்துலகப் பட்டியலிலே மாவட்டமாகப் பதியப்பட்டிருப்பதால், அப்பெயரைக் கேட்பவர் அரசாங்கத்தின் சம்மதத்தைக் காட்டவேண்டும். மகாவலி கங்கைக்கு அந்த வேலி இல்லை. பட்டகோனியா என்ற உடுப்பு நிறுவனம், அதே பெயருடைய நிலப்பகுதிக்காக ஆர்ஜென்ரீனா குரல் எழுப்பியதும் 2013 இலே விண்ணப்பத்தைத் தானாகவே மீட்டுக்கொண்டது. அது அந்நிறுவனத்தின் பண்பு. பண்பை நம்பி விதி எழுதுவது எவ்வளவு தூரம் சரி என்பதை வாசகர்கள் சிந்திப்பார்களாக.

இதற்கு மாறானதொரு கதையும் உண்டு. கற்றலான் மொழி வழங்கும் கற்றலோனியா ஸ்பெயின் நாட்டின் ஒரு பகுதியேயன்றித் தனியரசு அன்று. எனவே ஈரெழுத்துப் பட்டியலிலே அதற்கு இடமில்லை. அம்மொழியை நேசிப்போர் ஒன்றுகூடி, நிலத்துக்கன்றி மொழிக்கும் பண்பாட்டுக்குமாக ஒரு விகுதி வேண்டுமென்று கேட்டனர். 2005 இல் ஐகான் அதனை வழங்கியது. "கற்" என்னும் மூன்றெழுத்து விகுதி அது. இலாப நோக்கற்ற அமைப்பொன்று பார்சிலோனாவிலிருந்து அதனை நடத்துகின்றது. அம்மொழியிலோ அப்பண்பாடு குறித்தோ எழுதுவோர்க்கே அங்கு இடம். அதன் வழி நின்று பாஸ்க், கலீசியம், பிரெத்தன், வேல்ஸ் ஆகிய மொழியினரும் 2014 அளவிலே தத்தம் விகுதிகளைப் பெற்றனர். ஆயினும் பெயர் பெற்றதனால் தொல்லை நீங்கிவிடவில்லை. கற்றலோனியாவிலே 2017 இல் நடைபெறவிருந்த சர்ச்சைக்குரிய வாக்கெடுப்பை முன்னிட்டு, ஸ்பானியக் காவற்படையினர் செப்டெம்பர் 20 ஆம் நாள் அவ்வமைப்பின் அலுவலகத்தைச் சோதனையிட்டு, ஊழியர் ஒருவரையும் கைது செய்தனர். வாக்கெடுப்புப் பற்றிய முகவரிகளை முடக்க வேண்டுமென்பது கட்டளை. வேரிலே எந்த அரசுக்கும் அதிகாரமில்லை என்றோம். பதிவேட்டை நடத்தும் அலுவலகமோ ஏதோ ஒரு நாட்டுத் தெருவிலேதான் இருக்கின்றது.

இனித் தமிழுக்கு வருவோம். இணையப் பெயர்களெல்லாம் ஆங்கில எழுத்திலேயே அமைய வேண்டுமென்ற நிலை கால் நூற்றாண்டு நீடித்தது. 2009 இல் வழி திறந்தது. 2010 இல் இலங்கைக்குச் சிங்களத்திலே "லங்கா" என்றும் தமிழிலே "இலங்கை" என்றும் இரண்டு விகுதிகள் வேரில் ஏறின. அடுத்த ஆண்டில் இந்தியாவும் சிங்கப்பூரும் தத்தம் பெயரைத் தமிழிலும் பெற்றன. லகரம் மொழிக்கு முதலாகாது என்ற இலக்கண விதியைத் தமிழர் கணினிக்குள்ளும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதைக் கண்டு நாம் உள்ளூர மகிழ்ந்தோம்.

ஆனால் மேலே தமிழாகத் தெரிவது உள்ளே தமிழாக ஓடுவதில்லை. பழைய அமைப்பு ஆங்கில எழுத்தையும் எண்ணையும் சிறு கோட்டையுமே அறியும். எனவே "இலங்கை" என்று நாம் எழுதியதும், எக்ஸ், என் என்னும் எழுத்துகளிலே தொடங்கும் ஒரு மந்திரக் கோவையாக அது மாற்றப்பட்டே அனுப்பப்படுகின்றது. எழுத்து ஒற்றுமையிலும் தொல்லை உண்டு. "ஸ்ரீ" என்னும் எழுத்தைக் கணினியிலே இரண்டு வகையாகக் கோக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு. "ஔ" என்னும் உயிரையும், ஒகரத்தின் பக்கத்தில் ளகரத்தை வைத்து எழுதியதையும் பிரித்தறிய எத்தனை பேரால் முடியும்? ஒரே தோற்றமுடைய இரண்டு பெயர்கள் இரண்டு பேருக்குப் போகுமானால் ஏமாற்றுக்காரனுக்கு அது பொன்னான வாய்ப்பு. இவற்றையெல்லாம் ஆராய்ந்து, எவ்வெழுத்து எதனோடு வரலாம் என்று தமிழுக்கும் விதி வகுக்கப்பட்டுள்ளது. உரையாசிரியர்கள் இன்றிருந்தால் இப்பணிக்கு விரும்பியே வந்திருப்பார்கள்.

பெரிய குறை வேறோரிடத்தில் இருக்கின்றது. தமிழ் விகுதியுள்ள முகவரியை ஓர் இணையப் படிவத்தில் எழுதினால், "இது முகவரியன்று" என்று அப்படிவம் மறுப்பது வழக்கமாயிருக்கின்றது. விகுதி என்றால் இரண்டு மூன்று ஆங்கில எழுத்து என்று எண்ணிய காலத்திலே எழுதப்பட்ட நிரல்கள் இன்னும் ஓடுகின்றன. தமிழெழுத்திலேயே மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்வதற்கான தொழில்நுட்ப விதிகள் 2012 இலேயே வெளியாகிவிட்டன. கூகிளின் அஞ்சற் சேவை அத்தகைய முகவரிகளோடு கடிதம் பரிமாறும் வசதியை 2014 இல் ஏற்படுத்தியது. கணினி கற்கும் நம் மாணவர்கள் தாம் எழுதும் படிவங்களிலேயேனும் இக்குறையை நீக்கலாம். அரை நாள் வேலை.

வீட்டிலுள்ளோர் அறிய வேண்டியதும் ஒன்றுண்டு. விகுதிகள் பெருகப் பெருக ஏமாற்றும் பெருகியது. டொகெலாவ் என்னும் சிறு தீவுக்கூட்டத்தின் விகுதி நெடுங்காலம் இலவசமாக வழங்கப்பட்டு, மோசடிக்காரரின் புகலிடமாயிற்று. கோப்புகளுக்கு வழங்கும் "சிப்" என்ற பெயரை 2023 இல் கூகிள் விகுதியாக விற்கத் தொடங்கியபோது, கோப்பென்று எண்ணி முகவரியைத் தொட்டுவிடுவார்களே என்று பாதுகாப்பு அறிஞர் அஞ்சினர். உங்கள் வங்கியின் பெயர் முன்னே நிற்கும், எல்.கே. என்பது நடுவே நிற்கும். ஈற்றிலே அறியாத விகுதி ஒன்று நிற்கும். அந்த முகவரி வங்கியுடையதன்று. முதலிற் சாய்கோடு வரும் இடத்தைக் கண்டு, அதற்கு முன்னுள்ளதை வலமிருந்து இடமாக, கணினி வாசிப்பதுபோல வாசித்துப் பழகுங்கள்.

பெயரை "வாங்கினேன்" என்று சொல்லுகிறோம். அது காணி உறுதி அன்று, குத்தகையே. தவணை தவறினால் வேறொருவருக்குப் போய்விடும். பழைய மாணவர் சங்கங்களும் ஆலய சபைகளும் பெயரைத் தனியொருவரின் கணக்கிலே பதிந்து வைப்பது வழக்கம். அவர் வெளிநாடு போனாலோ, இறந்தாலோ, பல ஆண்டுக் கால நிழற்படங்களும் மலர்களும் இருந்த முகவரியிலே சூதாட்ட விளம்பரம் வந்து குந்திவிடுகின்றது. சபையின் பெயரிலே பதிவதும், தவணை நாளைக் கூட்டக் குறிப்பேட்டிலே எழுதி வைப்பதும் செலவில்லாத காரியங்கள்.

பெயர்கள் மட்டுமன்று, பதிவேடுகளும் கைமாறும். அறநிலையங்கள் பெரிதும் நாடும் ஓர்க் விகுதியை நடத்தும் அமைப்பினை 113.5 கோடி டொலருக்குத் தனியார் முதலீட்டு நிறுவனமொன்றுக்கு விற்க 2019 நவம்பரில் ஏற்பாடாயிற்று. உலகெங்கும் தொண்டு நிறுவனங்கள் எதிர்த்தன; கலிபோர்னிய அரசின் சட்டமா அதிபரும் எழுதினார். ஐகான் 2020 ஏப்ரல் 30 இல் சம்மதம் மறுத்தது. கூச்சலிட்டால் வேர்வரை கேட்கும் என்பதற்கு இஃதொரு சான்று.

அடுத்த சுற்றுக்கு விண்ணப்பம் ஏற்கும் காலம் 2026 ஏப்ரல் 30 முதல் ஆகஸ்ட் 12 வரை என ஐகான் அறிவித்தது. கட்டணம் 227,000 டொலர். தகுதியுள்ள சிறிய அமைப்புகளுக்குப் பெருஞ் சலுகை உண்டென்றும் சொன்னது. தமிழ் உட்பட இருபதுக்கு மேற்பட்ட எழுத்துமுறைகளிலே விகுதி கேட்கலாம். 2012 ஆம் ஆண்டுச் சுற்றிலே மூன்று நாடுகளின் பெயரன்றித் தமிழெழுத்திலே வேறு விகுதி எதுவும் வேரில் ஏறவில்லை. "தமிழ்" என்ற சொல்லையே யாரேனும் ஒரு கொம்பனி கேட்குமானால், அச்சொல்லுக்குரிய சமுதாயத்தின் பெயரால் ஆட்சேபிக்க இடமுண்டு. ஆனால் ஆட்சேபிப்பவர், அச்சமுதாயத்தோடு நெடுநாள் தொடர்புடைய நிறுவனமாக இருத்தல் வேண்டும். குறித்த தவணைக்குள் காரணங் காட்டி எழுதுதல் வேண்டும். அதற்குரிய கட்டணத்தையும் செலுத்துதல் வேண்டும்.